‘கன்டினியுவஸ்’ காய்ச்சலா, யோசித்துச் சொல்லுங்கள்

“ஐந்து நாளாகக் கன்டினியுவஸ் காய்ச்சல், டாக்டர்.”

இந்த வாரத்தில் நான்காவது தடவை. மகனை அழைத்து வந்தவர் ஒரு தாளையும் நீட்டினார். அதில் ஐந்து எண்கள். எல்லாம் 102 டிகிரியை ஒட்டியவை, எல்லாம் இரவு எட்டு மணிக்குப் பார்த்தவை. “காலையில் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டேன். “காலையில் ஒன்றும் இல்லை, ஓடி விளையாடுகிறான்.”

அப்புறம் எங்கிருந்து வந்தது கன்டினியுவஸ்?

நான் ஆங்கில வாத்தியார் இல்லை. ஆனாலும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் ‘பல நாளாக’ என்று பொருள் இல்லை. ‘தினமும்’ என்றும் இல்லை. நடுவில் அறுபடாமல் என்பதுதான் பொருள். திறந்த குழாயில் கம்பியாக விழும் தண்ணீர் கன்டினியுவஸ். மூடிய குழாய் ஒரு மாதம் சொட்டிக்கொண்டே இருந்தாலும் அது கன்டினியுவஸ் ஆகாது. விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வருவதைக் கன்டினியுவல் என்பார்கள். (ஆங்கிலேயர்களே இரண்டையும் குழப்புவதுண்டு.) நம் குழப்பத்துக்கு வேர் ‘தொடர்ந்து’ என்ற சொல். ‘ஒரு வாரமாகத் தொடர்ந்து மழை’ என்றால் விடாத மழையா, தினம் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த மழையா? தமிழில் இரண்டுமே சரி. அதை அப்படியே ஆங்கிலமாக்கி என் மேசையில் வைக்கிறார்கள்.

எங்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. 24 மணி நேரத்தில் ஒரு டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறி இறங்காமல், இயல்பு நிலையை ஒருமுறைகூடத் தொடாமல் காய்வதுதான் பாடப்புத்தகக் கன்டினியுவஸ் காய்ச்சல். இறங்கி இயல்பைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுவது வேறு வகை. மலேரியாவில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதும் உண்டு. முறைக்காய்ச்சல் என்று அந்தக் காலத்திலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். எதைச் சந்தேகிப்பது என்று யோசிக்கும்போது இதையும் பார்க்கிறோம்.

ஆகவே, கொதிக்கும்போது மட்டும் தெர்மாமீட்டரைத் தேடாதீர்கள். உடம்பு குளிர்ந்திருக்கும் நேரத்திலும் பார்த்து, மணியோடு எழுதுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தது கணக்கில் சேராது. பாரசிட்டமால் கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள். காய்ச்சல் தானாக இறங்கியதா, மாத்திரை இறக்கியதா என்று நான் ஜோசியம் பார்க்க முடியாது. அதற்காக, கணக்கு சுத்தமாக வர வேண்டும் என்று மாத்திரையைக் கொடுக்காமல் குழந்தையைத் தவிக்கவிடாதீர்கள். அப்படியும் ஒருவர் செய்துவிட்டு வந்தார்.

ஆங்கிலம் வேண்டாம். ‘விடாமல் காய்கிறது’, ‘விட்டுவிட்டு வருகிறது’. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள், மீதியை நான் கேட்டுக்கொள்கிறேன்.