புது மீனுக்கு ஒரு சோதனைச்சாவடி

ஜனவரி முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஆறரை மணிக்குக் குழித்துறைப் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கூடத்தில் ஐந்தடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மூன்று ஆண்டுகளாக அந்த ஒன்பது மீன்களுக்கும் வேளை தவறாமல் தீனி போட்டு வளர்த்தவர் அவருடைய அம்மா. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த மகன் திருவனந்தபுரத்துக் கடை ஒன்றில் பவுடர் புளூ டாங் மீனைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, அன்று மாலையே தொட்டியில் விட்டுவிட்டார். ஆறாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு மீன்கள் இறந்திருந்தன. மிச்சமிருந்தவை பவர்ஹெட் என்ற நீருக்கடி பம்பிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு எதிரே வாயைத் திறந்தபடி, செவுள் படபடக்க நின்றன. எந்த மீனின் உடம்பிலும் ஒரு புள்ளிகூட இல்லை.

“மக்களே, நேற்று மத்தியானம் வரைக்கும் ஓடிவந்து தின்றனவே” என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நான் இருக்கும்போதே உயிர்விட்ட கோமாளி மீன் ஒன்றின் செவுளில் சிறு துண்டை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். செவுள் இழைகள் நெடுகிலும் பழுப்பு நிற உருண்டைகள் நெருக்கமாக ஒட்டியிருந்தன. வெல்வெட் நோய். அமிலோடினியம் ஒசெல்லேட்டம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி உண்டாக்குவது. இது முதலில் பிடிப்பது செவுளைத்தான். தோலில் பொன்தூள் தூவியதுபோல நமக்குத் தெரிவதற்கு முன்பே பல மீன்கள் மூச்சுத் திணறி இறந்துவிடும். முதிர்ந்த ஒட்டுண்ணி ஒன்று மீனைவிட்டு உதிர்ந்தால், பிளந்து பிளந்து 256 வரை புதிய ஒட்டுண்ணிகளை நீரில் நீந்தவிடும். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று முடிய ஒரு வாரம்கூட வேண்டியதில்லை. அந்தத் தொட்டியில் கடைசியில் பிழைத்தது ஒரே ஒரு மீன்.

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்துவிட்டு, மார்த்தாண்டத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே வீடுகளிலும் கடைகளிலும் மீன்தொட்டிகளைப் பார்த்து வருபவன் நான். என் பயணம் பெரும்பாலும் களியக்காவிளை வழியாகத்தான். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்ததும் எல்லைச் சோதனைச்சாவடியில் கால்நடைத் துறையினர் கோழி, வாத்து லாரிகளின் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி அடிப்பதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2020-ல் இதே எல்லையில் சொந்த ஊருக்குத் திரும்பிய மனிதர்களையே பதினான்கு நாள் தனியே வைத்தோம். தனிமைப்படுத்துதல் என்றால் என்னவென்று எல்லைக்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் அதே சாலையில் பிளாஸ்டிக் பையில் வரும் மீனை மட்டும் யாரும் எங்கும் நிறுத்துவதில்லை. அதற்குச் சோதனைச்சாவடி உங்கள் வீடுதான்.

“கடையில் நன்றாகத்தானே இருந்தது, சார்?” என்று கேட்காதவர்கள் குறைவு. நன்றாகத்தான் இருந்திருக்கும். கடைகளில் இருபது முப்பது தொட்டிகளுக்கும் சேர்த்து, நீரை வடிகட்டித் திருப்பி அனுப்பும் ஒரே கீழ்த்தொட்டி, ஒரே தண்ணீர் ஓடுவது வழக்கம். ஒரு கண்ணாடிக்குள் நோய் இருந்தால் அது எல்லாக் கண்ணாடிகளுக்கும் பொது. பல இடங்களில் அந்தத் தண்ணீரில் குறைந்த அளவில் செப்பு மருந்து எப்போதும் கலந்திருக்கும். நோயை ஒழிக்க அந்த அளவு போதாது, அடக்கிவைக்கப் போதும். உங்கள் தொட்டிக்கு வந்ததும் செப்பு இல்லை, பயணக் களைப்பு வேறு. உள்ளே அடங்கியிருந்தது தலைதூக்குகிறது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் அந்த மீன் இருப்பது நான்கைந்து நாள்தான், விற்கும்வரை காப்பாற்றுகிறார். மீதி நம் பொறுப்பு.

புது மீனோடு வரும் இன்னொரு நோயான வெண்புள்ளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாததால்தான் நல்ல மனிதர்கள் தவறான மருந்தை நம்பி மீன்களை இழக்கிறார்கள்.

கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற இந்த ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்குக் கீழே புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை உண்டு வளர்கிறது. நாம் பார்க்கும் உப்புக்கல் போன்ற புள்ளி அதுதான். தோலுக்கடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. வளர்ந்ததும் தானாகவே மீனைவிட்டு வெளியேறி, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டுகிறது. இந்த வெளியேற்றம் பெரும்பாலும் இருட்டில் நடக்கும். கூட்டுக்குள் பிளந்து நூற்றுக்கும் மேற்பட்டதாகப் பெருகி, வெளிவந்து, அடுத்த மீனைத் தேடுகிறது. வெளிவந்தபின் ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது நீந்தித் திரியும் இந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். புள்ளி தெரிகிறது. கடையிலிருந்து மெத்திலீன் புளூ வாங்கி ஊற்றுகிறார்கள், அல்லது தீனியில் பூண்டுச் சாறு கலக்கிறார்கள். நான்காம் நாள் புள்ளி மறைகிறது. மருந்து கேட்டது என்று மகிழ்கிறார்கள். மருந்து ஒன்றுமே செய்யவில்லை. ஒட்டுண்ணி பெருகுவதற்காகக் கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பத்து மடங்காக ஏறும்போது அது புதிய நோய் என்று நினைக்கிறார்கள். பாராசாலையில் ஓர் ஆசிரியை இந்தச் சுற்றை நான்கு முறை கடந்தபின்தான் என்னை அழைத்தார். நான்கு முறையும் “குணமாகிவிட்டது” என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை தாங்கிப் பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். அது புள்ளி காட்டாமலே ஒட்டுண்ணியைச் சுமக்கும். “பழைய மீனெல்லாம் நன்றாக இருக்கின்றன, புதிதாக விடுவதுதான் செத்துப்போகிறது” என்று யாராவது சொன்னால், அந்தத் தொட்டியில் வெண்புள்ளி ஏற்கெனவே குடியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

சரி, புது மீனை முதலில் தனியே வைத்துப் பார்க்கும் தனித்தொட்டிக்கு என்ன வேண்டும்? இரண்டடிக் கண்ணாடித் தொட்டி போதும், ஐம்பத்தைந்து லிட்டர் பிடிக்கும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள ஹார்டுவேர் கடையில் வாங்கிய புதுப் பிவிசி குழாய் வளைவுகள். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மூடி. வலை, வாளி, குழாய் எல்லாம் அதற்கென்றே தனியாக. பெரிய தொட்டியிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி வையுங்கள். வெல்வெட் ஒட்டுண்ணி காற்றில் தெறிக்கும் நுண்துளிகளோடு மூன்று மீட்டர் வரை போகக்கூடியது. நம் வீடுகளில் வேலைப்பகுதி வராந்தாவோ மாடிப்படிக்கு அடியிலோ சரியான இடம். சமையலறை மேடை கூடாது. சோப்பும் புகையும் மீனுக்கு ஆகாது.

நான் பார்த்தவரை, தனித்தொட்டியில் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை நோயால் இறப்பதில்லை, மீனின் கழிவிலிருந்து சேரும் அம்மோனியாவால் இறக்கின்றன. “தனியாக வைத்துப் பார்த்தேன் சார், அதிலேயே செத்துப்போயிற்று” என்று சொல்லி இந்த முறையையே கைவிடுகிறவர்களை நினைத்து எனக்கு வருத்தமுண்டு. புதிய ஸ்பாஞ்சில் அதை மாற்றிப்போடும் நன்மை செய்யும் பாக்டீரியா இருக்காது. அதனால் மீன் வாங்கும் எண்ணம் வந்தவுடனேயே, நான்கு வாரத்துக்கு முன்பே, ஒரு ஸ்பாஞ்சை உங்கள் பெரிய தொட்டியின் கீழ்த்தொட்டியில் போட்டு வையுங்கள். மீன் வரும் நாளில் எடுத்து மாட்டினால் வடிகட்டி தயார். வேலை முடிந்தபின் அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டிக்குத் திருப்பாதீர்கள்.

பையைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வரும் பையில் மீன் விட்ட மூச்சு நிறைந்து நீர் அமிலமாகியிருக்கும். அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா பெரிதாகத் தீங்கு செய்யாமல் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி நீரின் தன்மை மாற, அதே அம்மோனியா நஞ்சாகிவிடும். திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பது நெடும்பயணம் வந்த மீனுக்குத் தீங்கு. பை எந்த உப்பளவில் வருகிறது என்று கடைக்காரரிடம் முன்பே கேட்டு, தனித்தொட்டி நீரை அதே அளவில் வைத்திருங்கள். மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் சாக்கடைக்கு.

கோமாளி மீன், டாம்செல் போன்ற சிறிய மீன்களுக்கு வெண்புள்ளியை ஒழிக்க மருந்தே இல்லாத ஒரு வழி இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் டப்பு போதும். முதல் நாள் ஒன்றில், நான்காம் நாள் காலை மற்றொன்றில், பிறகு ஏழாம், பத்தாம், பதின்மூன்றாம் நாள்கள் என்று 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காலி செய்த டப்பையும் அதிலிருந்த ஏர் ஸ்டோனையும் கழுவி வெயிலில் முழுவதும் காயவிடுங்கள். கூடு பொரிக்குமுன்பே மீன் இடம் மாறிவிடுவதால் ஒட்டுண்ணி பின்னால் நின்றுபோகிறது. செலவு உப்புக்கு மட்டும்தான். ஆனால் இந்த வழி வெல்வெட்டை நிறுத்தாது. அதனால் கடைசி மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்.

டாங் வகைகளுக்கு நான் செப்பு மருந்தைத்தான் நம்புகிறேன். தூய செப்பு அயனி மருந்தானால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். செப்பை வேறொரு பொருளோடு பிணைத்துத் தரும் பிணைப்புச் செப்பு வகைகளுக்கு அளவு அதைவிடப் பல மடங்கு கூடுதல். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டால் மீன் செத்துவிடும், அல்லது நோய் பிழைத்துக்கொள்ளும். புட்டியில் உள்ளதைப் படியுங்கள், அதற்குரிய சோதனைக் கிட் இல்லாமல் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றி, தினமும் அளந்து, 30 நாள் ஒரே நிலையில் வைக்க வேண்டும். ஒருநாள் அளவு கீழே இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. அம்மோனியாவைக் கட்டும் மருந்துகளைச் செப்போடு சேர்க்காதீர்கள்.

நம் பகுதிக்கே உரிய ஓர் ஆபத்தும் இதில் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களுக்கு மழைக்கு முன் போர்டோ கலவை அடிப்பதற்காக வீட்டில் துருசு வைத்திருப்பார்கள். துருசும் செப்பு சல்பேட்தானே என்று அருமனைப் பக்கத்து ரப்பர் விவசாயி ஒருவர் ஒரு சிட்டிகையைப் பெரிய தொட்டியிலேயே கரைத்துவிட்டார். இறால், நத்தை, கடல் சாமந்தி எல்லாம் ஒரே இரவில் போயின. சுண்ணாம்புப் பாறையும் மணலும் செப்பை உறிஞ்சிக்கொண்டதால், அந்தப் பாறைகளை இனி முதுகெலும்பில்லாத உயிர்கள் உள்ள எந்தத் தொட்டியிலும் நம்பி வைக்க முடியாது. தோட்டத்துத் துருசு தோட்டத்தோடு இருக்கட்டும். செப்பு எப்போதும் தனித்தொட்டியில் மட்டும்.

புது மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டி வரும் தட்டைப்புழுவுக்கு நன்னீர்க் குளியல் நல்ல சோதனை. வெப்பமும் காரத்தன்மையும் ஒத்த, காற்றூட்டிய நன்னீரில் நான்கைந்து நிமிடம் மீனை வைத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள். புழு இருந்தால் வெளுத்து, நொய் அரிசிபோல அடியில் உதிரும். பிறகு பிரசிகுவாண்டல் மருந்து. முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஒரு வாரத்தில் மீண்டும் ஒருமுறை. கோமாளி மீனின் உடம்பு சளி பூத்து உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, அதற்கு ஃபார்மலின் வேண்டும். 2018-ல் அமரவிளை சோதனைச்சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்ட செய்திக்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அளவு தெரிந்தவர் கையுறையோடு, திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை.

கடற்கரை பக்கத்திலிருப்பதால் பலர் கடல்நீரையே எடுத்து வருகிறார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் பூவாற்றில் நெய்யாறும் கடலில் சேருகின்றன. ஜூன், ஜூலை மழையில் அங்கே எடுக்கும் நீரில் உப்பு எவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது. அளக்காமல் ஊற்றாதீர்கள்.

விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்கள் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. பொரிப்பகத்தில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தீனிக்குப் பழகியது, பவளப்பாறையிலிருந்து பிடுங்கி வந்ததும் இல்லை. ஆனால் கடைத் தொட்டியில் இரண்டு நாள் இருந்துவிட்டால் அதுவும் தனித்தொட்டி வழியாகத்தான் வர வேண்டும்.

குழித்துறை வீட்டில் பிழைத்த அந்த ஒரு மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, செப்பு மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை மீன் இல்லாமல் விட்டோம். வெண்புள்ளியின் கூடுகள் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் பொரித்துவிடும் என்றாலும் 72 நாள் வரை தாமதித்துப் பொரித்தது பதிவாகியிருக்கிறது. இரண்டு நோய்க்கும் சேர்த்துக் காலியாக விட, நான் எல்லோருக்கும் 76 நாள் என்றே சொல்கிறேன். நத்தை ஓட்டிலும் கூடு ஒட்டும் என்பதால், புதிதாக வாங்கும் நத்தைக்கும் மீனில்லாத தொட்டியில் அதே கணக்கு.

மகன் வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டார். அந்த அம்மா தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் அதன் பின்புறத்தில் நாள் எண்ணும் செப்பின் அளவும் எழுதி, ஒரு ஜாடிக்கு அடியில் சேர்த்து வைத்தார். வெறும் மணலும் பாறையுமாக நின்ற தொட்டியின் விளக்கை மாலையில் வழக்கம்போலப் போட்டார். எழுபத்தேழாம் நாள் காலை நான் போனபோது வலையும் வாளியும் துடைத்துத் தயாராக இருந்தன.