கண்ணில் நெல் பட்டபின் 18 மணி நேரம்

சென்ற தை மாதம் அறுவடைக்குப் போயிருந்த ஓர் அம்மாவின் வலக்கண்ணில் நெல் தெறித்தது. உடன் வேலை செய்தவர் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார். வீட்டில் தாய்ப்பால் விட்டார்கள். சிவப்பு அடங்காததால் மூன்றாம் நாள் மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கினார்கள். அவர் என்னிடம் வந்தபோது பன்னிரண்டு நாள் கடந்திருந்தது. கருவிழியின் நடுவே சாம்பல் நிறப் புண் ஓரங்கள் பிசிறிட்டுப் படர்ந்திருக்க, அதன் பின்னே சீழ் தேங்கியிருந்தது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது.

இது பூஞ்சையால் வரும் கருவிழிப் புண். 1990களில் வெளியான ஓர் ஆய்வு, மதுரை மாவட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு மாவட்டத்தில் அந்த எண்ணிக்கை 11 மட்டுமே. நம் பகுதியில் இப்புண்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சையே காரணம். நெல், கரும்புச் சோகை, மாட்டின் வால் என எது பட்டாலும் கருவிழியின் மேல்தோல் கீறப்படுகிறது. அந்தக் கீறல் வழியாகவே கிருமி நுழைகிறது.

கீறல் புண்ணாக மாறுவதற்குள் நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. கருவிழியில் கீறல் ஏற்பட்ட 442 பேருக்குக் கிராமத்துப் பணியாளர்களே குளோரம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு கொடுத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. ஒரு நாள் கடந்து, இரண்டாம் நாள் முடிவதற்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்தது. சில மணி நேரத் தாமதத்துக்கு இவ்வளவு பெரிய விலை இருப்பதை இத்தனை வெளிப்படையாகச் சொன்ன ஆய்வுகள் என் துறையில் மிகக் குறைவு. பின்னர் மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இம்முறை சோதிக்கப்பட்டபோது, களிம்பு பெற்றவர்களுக்குப் புண் வராமல் தடுக்க முடிந்தது.

புண் வந்துவிட்டால் மருந்தை ஊகித்துத் தரக்கூடாது. பாக்டீரியாப் புண்ணும் பூஞ்சைப் புண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம் என்பதால், கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணை மெல்லச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். பூஞ்சை இழைகள் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். பூஞ்சைக்கு எந்த மருந்து சிறந்தது என்ற கேள்விக்கு, அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான ஆய்வு விடை தந்தது. நெடுங்காலமாகப் புழங்கிவரும் நேட்டமைசின் சொட்டு மருந்து, புதிதாக வந்த வோரிகோனசோலை விட நல்ல பார்வையைத் தந்தது. கருவிழி ஓட்டை விழுவதையும் குறைத்தது. புதியது என்பதற்காகவே ஒரு மருந்தை நம்பக்கூடாது என்பதற்காக இந்த ஆய்வை என் மாணவர்களிடம் தவறாமல் சொல்லி வருகிறேன்.

ஸ்டீராய்டு பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது சிவப்பையும் வலியையும் குறைத்து, குணமாகிவிட்டது என்ற நம்பிக்கையைத் தரும். அதே வேளையில் உடலின் எதிர்ப்பை அடக்கி, பூஞ்சை ஆழமாக ஊடுருவ இடம் கொடுக்கும். பாக்டீரியாப் புண் உறுதியான 500 பேரிடம், ஆன்டிபயாட்டிக் தொடங்கிய பின்னரே ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்விலும், மூன்று மாதம் கழித்து ஒட்டுமொத்தப் பார்வையில் கூடுதல் பலன் தெரியவில்லை. பரிசோதனையின்றிக் கடையில் வாங்கி விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் விட வேண்டாம். நாக்கால் தூசி எடுக்கவும் அனுமதிக்காதீர்கள். கதிரடிக்கும்போது சாதாரணக் கண்ணாடி அணிந்தாலும் பெரும் பாதுகாப்பு உண்டு.

அந்த அம்மாவுக்கு இரவும் பகலும் மணிக்கொரு முறை மருந்து விட்டதில் புண் ஆறிவிட்டது. ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சைக்காக அவர் பெயரைப் பதிவு செய்திருக்கிறோம்.