ரயில் டிரெயில்: தண்டவாளம் போன பிறகும் இருக்கும் வழிக்குத் தமிழில் என்ன பெயர்?

ரயில் ஓடாமல் கைவிடப்பட்ட வழித்தடம் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் அகற்றுவார்கள். கீழே கிடக்கும் ஜல்லியின் மேல் பொடிச் சரளை பரப்பி இறுக்குவார்கள். பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் போடுவார்கள். அதன் பிறகு அந்த வழி நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் உரியதாகிவிடும். சில இடங்களில் குதிரையில் போகவும் விடுவார்கள், மோட்டார் வண்டிக்கு மட்டும் பொதுவாக இடமில்லை. இதற்குத்தான் ஆங்கிலத்தில் ரயில் டிரெயில் என்று பெயர்.

ஓடிக்கொண்டிருக்கும் ரயில்பாதையின் ஓரமாகப் போடும் நடைபாதையை இந்தப் பெயரால் குறிப்பது சரியில்லை. அதற்கு ஆங்கிலத்திலேயே வேறு பெயர் இருக்கிறது. ரயில் டிரெயிலில் ரயில் போன அதே இடத்தில்தான் நாமும் போகிறோம்.

சொல்லின் வேரைப் பார்ப்போம். ‘ரயில்’ என்பது முதலில் வண்டியைக் குறித்த சொல் அல்ல. நேரான கோல், சட்டம் என்ற பொருளுள்ள ‘ரெகுலா’ என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ரயில்’ ஆனது. பள்ளிக்கூடத்து ரூல்தடியில் இருக்கும் ‘ரூல்’ என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஆங்கிலத்தில் இன்றும் ‘ரயில்’ என்றால் தண்டவாளம், கைப்பிடிச் சட்டம் என்றுதான் முதலில் பொருள். தமிழில் நாம் வண்டிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டோம். நூறு ஆண்டுக்கு மேல் புழங்கிய பிறகு அதைத் தமிழ்ச் சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘டிரெயில்’ இதைவிடச் சுவையானது. இழுத்துச் செல்வது என்ற பொருளில் தொடங்கிய சொல் அது. தரையில் புரளும் நீண்ட அங்கியின் பின்புறத்தை அப்படிச் சொன்னார்கள். பிறகு ஒன்றை இழுத்துப்போனால் தரையில் விழும் அடையாளத்துக்கு அந்தப் பெயர் வந்தது. விலங்கு போன சுவட்டுக்கும் அதே பெயர். சுவட்டைத் தொடர்ந்து ஆட்கள் நடந்து நடந்து உண்டான காட்டுவழியையும் அமெரிக்காவில் ‘டிரெயில்’ என்றே அழைத்தார்கள். ‘டிரெயின்’ என்ற சொல்லும் ‘இழு’ என்னும் பொருளிலிருந்தே வந்தது. ஆக டிரெயினும் டிரெயிலும் சொல் வகையில் உறவுக்காரர்கள். முன்னது இழுத்துப் போவது, பின்னது போனதற்கு அடையாளம்.

அந்த அடையாளம் வெறும் நினைவுக்குரியது அல்ல, சைக்கிள் மிதிப்பவர் தொடையில் உணரக்கூடியது. இரும்புச் சக்கரத்துக்கு இரும்பின் மேல் பிடிப்பு குறைவு என்பதால், பாரம் இழுக்கும் எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது. அதனால் ரயில்பாதை போட்டவர்கள் குன்றைக் குடைந்தார்கள், மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பினார்கள், ஓடைக்கு மேல் பாலம் கட்டினார்கள். திருப்பங்களையும் அகலமாக வளைத்தார்கள். எஞ்சினுக்காகப் பட்ட இந்தப் பாடெல்லாம் இன்று சைக்கிள்காரருக்குப் பயன்படுகிறது. பக்கத்து நெடுஞ்சாலை மூச்சு வாங்க வைக்கும் இடத்தில், பழைய ரயில் வழி மேடு என்றே தெரியாமல் மேலே கொண்டுபோய் விடும்.

இதை நன்றாகக் காட்டும் இடம் நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில். மிடில்மார்ச் என்ற சிற்றூருக்கும் கிளைடு என்ற ஊருக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். 1860களில் தங்கம் தேடி மக்கள் குவிந்த பகுதி இது. டனீடின் நகருக்கு அருகிலிருந்து 1879-இல் தொடங்கிய ரயில் வேலை, பிக்காசும் மண்வெட்டியுமாக மெல்ல மெல்ல நகர்ந்தது. 1891-இல் மிடில்மார்ச், 1898-இல் ரான்ஃபர்லி, 1907-இல் கிளைடு, கடைசியில் 1921-இல் குரோம்வெல் என்று நாற்பது ஆண்டுக்கு மேல் இழுத்தது. ஆடும் கம்பளியும் பழமும் அந்த வழியாக வெளியே போயின. 1943 ஜூன் 4 அன்று ஹைடு என்ற இடத்துக்கு அருகே ஒரு திருப்பத்தில் பயணிகள் ரயில் அதிவேகமாக வந்து கவிழ்ந்ததில் 21 பேர் இறந்தார்கள்.

பிறகு லாரிகள் வந்து சரக்கைப் பிடித்துக்கொண்டன. கிளைடில் பெரிய அணை கட்டத் தொடங்கியபோது, குரோம்வெல் வரையிருந்த கடைசிப் பகுதி நீரில் மூழ்கும் என்பதால் 1980-இல் மூடப்பட்டது. மிச்சமிருந்த வழி அந்த அணைக்கே பொருள் சுமந்தது. அந்த வேலை முடிந்ததும் 1990-இல் அதுவும் நின்றது. 1993-இல் அந்த நிலத்தை நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை எடுத்துக்கொண்டது. உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டி, பாலம் பாலமாகச் சீர் செய்து, 2000-இல் முழு வழியும் திறக்கப்பட்டது.

இன்று அதில் சைக்கிளில் போனால், வெடர்பர்னுக்கும் ஒட்டுரேஹுவாவுக்கும் இடையே 618 மீட்டரில் உச்சி வரும். பலகை வைத்திருப்பதால்தான் அது உச்சி என்று தெரியும். மிகக் கடினமான இடத்திலும் ஐம்பது அடி போனால் ஓரடிதான் ஏற்றம். வெயிலில் வறண்டு பழுத்த புல்மேடு, பாறை முட்டுகள், ஆட்டுப் பண்ணைகளின் இரும்புக் கதவுகள். கதவைத் திறந்து போனவர் திரும்பச் சாத்திவிட்டுப் போக வேண்டும். வழியில், தண்டவாளத்தைப் பராமரித்த தொழிலாளர்களான கேங்மேன்கள் தங்கிய தகரக் கொட்டகைகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்கலாம், உள்ளே அந்த இடத்தின் வரலாறு எழுதித் தொங்கும். பூல்பர்ன் பள்ளத்தாக்கில் இரண்டு சுரங்க வழிகள் உண்டு. நடுவில் வளைவதால் வெளிச்சம் எட்டாது, டார்ச் இல்லாமல் நுழைவது சரிப்படாது. அங்கே கற்தூண்களின் மேல் நிற்கும் பாலம் பள்ளத்திலிருந்து 37 மீட்டர் உயரம். மேடு இல்லாத அந்த வழியில் உண்மையான எதிரி எதிர்க்காற்றுதான். அது வீசும் நாளில் சமதரையிலேயே கியரைக் குறைத்து மிதிக்க வேண்டியிருக்கும்.

ரயில் நின்றதும் ஆளரவம் குறைந்த அந்தச் சிற்றூர்களில் இப்போது சைக்கிள்காரர்கள் தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள். பழைய கடைகளும் விடுதிகளும் அவர்களால் நடக்கின்றன.

இந்தச் சொல் பரவியது அமெரிக்காவில். 1963-இல் இயற்கை ஆய்வாளர் மே தெயில்கார்டு வாட்ஸ், சிகாகோவுக்கு மேற்கே கைவிடப்பட்ட ரயில் வழி ஒன்றை நடைபாதை ஆக்க வேண்டும் என்று ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து இல்லினாய் பிரேரி பாத் பிறந்தது. அதன் பெயரில் டிரெயில் என்ற சொல் இல்லை. விஸ்கான்சினில் எல்ராய், ஸ்பார்ட்டா ஊர்களுக்கு இடையே 1967-இல் திறக்கப்பட்ட ஐம்பது கிலோமீட்டர்ச் சொச்சம் வழியைத்தான் அந்த நாட்டின் முதல் ரயில் டிரெயில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் மூன்று சுரங்கங்கள். மிக நீளமானது ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். உள்ளே எப்போதும் தண்ணீர் சொட்டும், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். சுரங்க வாயிலில் பெரிய மரக் கதவுகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் உள்ளே நீர் உறைந்து சுவர் வெடிக்காதிருக்க, ரயில் போனதும் காவல்காரர் அவற்றைச் சாத்துவாராம்.

அமெரிக்கச் சட்டத்தில் இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் உண்டு, தமிழாக்குவோர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரயில் நிறுவனங்கள் பல இடங்களில் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை, ரயில் விடும் உரிமை மட்டும் பெற்றிருந்தன. ரயில் நின்றால் நிலம் பக்கத்து உரிமையாளருக்குத் திரும்பிவிடும். துண்டு துண்டாகப் போய்விட்டால் ஒரு வழியை மறுபடி சேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். 1983-இல் வந்த சட்டத் திருத்தம், பின்னொரு நாள் ரயில் திரும்பலாம் என்ற கணக்கில் வழியை முழுசாகக் காத்து, அதுவரை டிரெயிலாகப் பயன்படுத்த இடம் கொடுத்தது. இதை ரயில் பேங்கிங் என்கிறார்கள். ‘ரயில் வங்கி’ என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. ‘வழித்தடக் காப்பு’ என்றால் விஷயம் வந்துவிடும். நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, இழப்பீடு கேட்கும் வாய்ப்பையும் திறந்து வைத்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்த வழக்கு அது.

மற்ற மொழிகள் என்ன செய்தன? ஸ்பெயின்காரர்கள் 1993-இல் தொடங்கிய தங்கள் திட்டத்துக்கு ‘வியா வெர்தே’ என்று பெயர் வைத்தார்கள். வெர்தே என்றால் பச்சை. வியா என்றால் வழி, தண்டவாளத்துக்கும் அதே சொல். ஒரே சொல்லில் இரண்டும் கிடைத்துவிட்டது அவர்களுக்கு. பிரெஞ்சில் ‘வுவா வெர்த்’ என்பார்கள், ஆனால் அது கால்வாய்க்கரைப் பாதைக்கும் பொருந்தும். ஜெர்மன்காரர்கள் ரயில், வழியமைப்பு, சைக்கிள், பாதை என்ற நான்கையும் கோத்து ஒரே நீளச் சொல்லாக்கினார்கள், கேட்டவுடன் பொருள் தெரியும். அங்கே வென்பான் என்ற 125 கிலோமீட்டர் வழி ஜெர்மனி, பெல்ஜியம், லக்சம்பர்க் மூன்றிலும் போகிறது. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ரயில் வழி பெல்ஜியத்துக்குக் கொடுக்கப்பட்டது. அதன் மேற்கே மாட்டிக்கொண்ட சில ஜெர்மன் துண்டுகள் இன்றும் பெல்ஜிய நிலத்தின் நடுவே தனித்தீவுகள் போல இருக்கின்றன. இரும்பு போய்விட்டது, எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் வழிகளைப் பெரும்பாலும் மூடிப்போடவில்லை, அகலப்பாதையாக மாற்றினார்கள். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடி வழி போல ஒன்றிரண்டே திரும்பாமல் போயின. ஆகவே இந்தச் சொல்லுக்கு இங்கே தேவை எழவில்லை. எழுந்த இடம் சிங்கப்பூர். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30 அன்று கடைசியாக ஓடியது, மலேசியாவின் ஜொகூர் மாநிலச் சுல்தானே அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். அந்த 24 கிலோமீட்டர் இன்று நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் உரியது. இந்த ரயிலில் தமிழர்களின் உழைப்பு நிறையக் கலந்திருக்கிறது. குவீன்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் வணங்கிய முனீஸ்வரன், இப்போது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலில் இருக்கிறார்.

என்ன சொல் வைக்கலாம்? ‘பசுமைவழி’ அழகாக இருக்கிறது, ஆனால் ஆற்றங்கரைப் பாதைக்கும் பூங்காப் பாதைக்கும் பொருந்திவிடும். ரயில் என்பதே அதில் இல்லை. ‘இருப்புப்பாதை நடைவழி’ என்றால் தண்டவாளத்தின் மேல் நடக்கச் சொல்வது போலாகிவிடும், ஆபத்து. ‘ரயிலடிப் பாதை’ காதுக்கு இனிமை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் ரயிலடி என்றால் ரயில் நிலையம், ஸ்டேஷன் ரோடு என்றே புரிந்துகொள்வார்கள். ‘மிதிவண்டிப் பாதை’ நடப்பவர்களை விட்டுவிடுகிறது.

எனக்குச் சரியாகப் படுவது ‘தடம்’. காலடித் தடம், டயர் தடம் என்று பதிந்த அடையாளத்தைச் சொல்கிறோம். வண்டித்தடம் என்று மாட்டுவண்டி போய்ப் போய் உண்டான வழியைச் சொல்கிறோம். பேருந்தில் தடம் எண் என்று எழுதியிருக்கிறது. வண்டி தண்டவாளத்தை விட்டு இறங்கினால் ‘ரயில் தடம் புரண்டது’ என்று நாளிதழ் எழுதுகிறது. சுவடு, வழி, தண்டவாளம் மூன்றையும் அந்த ஒரு சொல் ஏற்கெனவே சுமக்கிறது. ‘ரயில் தடம்’ என்று மட்டும் நிறுத்தினால் ஓடும் ரயிலின் பாதை என்று கொள்ள இடமுண்டு. ‘பாதை’யையும் சேர்த்து ரயில்தடப் பாதை என்றால், ரயிலின் தடத்தில் அமைந்த பாதை என்று தெளிவாகிவிடும். பழையது என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பழைய ரயில்தடப் பாதை’ எனலாம்.

இலங்கையில் சைக்கிளைத் துவிச்சக்கரவண்டி என்று எழுதுவோர் உண்டு, இங்கே மிதிவண்டி. அதில் எது வந்தாலும் இந்தச் சொல்லோடு இடிக்காது. எழுதும்போது இப்படி வரும்: “ஒட்டாகோ ரயில்தடப் பாதையை மிதிவண்டியில் முடிக்கப் பலரும் நான்கைந்து நாள் எடுத்துக்கொள்கிறார்கள்.” “ரயில்தடப் பாதையில் சுரங்கம் வருகிறது, விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.” “இந்த வழி ரயில்தடப் பாதையாகுமா, நிலம் திரும்பிப் போகுமா என்பது வழித்தடக் காப்பு ஒப்பந்தத்தைப் பொறுத்தது.” பேச்சில் ‘ரயில்தடம்’ என்று சுருங்கினாலும் பரவாயில்லை, சைக்கிளில் போனேன் என்று கூடச் சொன்னால் எந்தத் தடம் என்பது விளங்கிவிடும்.