மாதவிடாய்க்கு முன்பே திரும்பும் கருவளம்

"தாய்ப்பால் கொடுக்கிறேன், பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் இன்னும் வரவில்லை, இப்போதே கருத்தடை தேவையா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தாய்ப்பாலே கருத்தரிப்பைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் கறாரான நிபந்தனைகள் உண்டு.

மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுவதும், பிட்யூட்டரியின் ஹார்மோன்களால் சினைப்பையில் முட்டை முதிர்வதும் பள்ளியில் படித்தவையே. வியக்க வைப்பது அந்தத் தூண்டலின் தாளம். ஹைப்போதலாமஸ் தன் ஹார்மோனை இடைவிடாமல் சுரப்பதில்லை. முட்டை முதிரும் நாட்களில் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, துடிப்புத் துடிப்பாகவே வெளியிடுகிறது. அதே ஹார்மோன் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி அதற்குச் செவிசாய்ப்பதையே நிறுத்திவிடும் என்பதால், அளவைப் போலவே இடைவெளியும் இங்கே ஒரு செய்தியாகிறது. குழந்தை பால் குடிக்கும்போது மார்புக்காம்பிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புத் தூண்டல் இந்தத் தாளத்தைக் குலைக்கிறது. துடிப்புகள் அருகிப்போக, முட்டை வெளிப்படும் அளவுக்கு முதிர்வதில்லை. பால் குடிக்கும் இடைவெளி நீளும்போது தாளம் மீளத் தொடங்குகிறது.

நிபந்தனைகள் இதிலிருந்தே பிறக்கின்றன. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய அது மட்டுமே, உணவாக இருக்க வேண்டும். மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இம்மூன்றும் பொருந்தினால் பாதுகாப்பு 98 விழுக்காட்டுக்கும் மேல் என்று 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் ஒருமித்து அறிவித்தார்கள். ஒன்று தவறினாலும் வேறு கருத்தடை முறை வேண்டும். மாதவிடாய் வரட்டும் என்று காத்திருப்பதும் சரியன்று, ஏனெனில் முதல் முட்டை முதல் மாதவிடாய்க்கு முன்பே வெளிப்பட்டுவிடலாம். பாலூட்டாத தாய்க்கு இது பிரசவமான நான்காவது வாரத்திலேயே நிகழக்கூடும்.

ஆகவே கருத்தடைப் பேச்சை ஆறாவது வாரப் பரிசோதனைக்குத் தள்ளிவைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. கைக்குழந்தையோடு மீண்டும் மருத்துவமனைக்கு வர இயலாத பெண்கள் ஏராளம். நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடங்களுக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பொருத்தலாம். பின்னாளில் பொருத்துவதைவிட அது நழுவி வெளியேறும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லியே பொருத்த வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் மட்டும் உடனே கூடாது; பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் இரத்தம் உறையும் போக்கு இயல்பாகவே மிகுந்திருக்க, ஈஸ்ட்ரோஜன் அதை மேலும் கூட்டும். உயிருடன் ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கருத்தரிப்புக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதை எண்ணிப் பார்த்தால், முதல் சில வாரங்களைத் தவறவிடுவதன் விலை விளங்கும்.

வசதி அருகில் இருப்பது மட்டும் போதாது. வலியில் துடிக்கும் பெண்ணிடம் பெறும் கையொப்பத்தைச் சம்மதம் என்று கருத முடியாது. கர்ப்ப கால மாதங்களிலேயே எல்லா முறைகளையும் விளக்கி, முடிவெடுக்க அவருக்கு அவகாசம் தர வேண்டும். காப்பர்-டியைப் பொருத்திய மருத்துவமனையிலேயே, அவர் கேட்கும் நாளில், காரணம் விசாரிக்காமல் அகற்றித் தரவும் வேண்டும்.