கையில் குத்திய ‘யஅஅய’

போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டு முன்கையை மேசைமேல் நீட்டினான். புதிதாகக் குத்திய பச்சை, ஓரமெல்லாம் இன்னும் சிவந்திருந்தது. நாலே எழுத்து: யஅஅய.

“தோந்தோன், எங்கள் தமிழ் டீச்சருக்கே இதைப் படிக்க வரவில்லை. நீங்கள் தமிழ் அச்சடிக்கிறவர், பார்த்துச் சொல்லுங்கள்” என்று எங்கள் மொரீஷியஸ் கிரியோல் மொழியில் கேட்டான். தோந்தோன் என்றால் மாமா.

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ‘அம்மா’ என்று குத்திக்கொள்ள நினைத்திருக்கிறான். இணையத்தில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டை (எழுத்துருவை) இறக்கி, ஆங்கிலத்தில் ஏ, எம், எம், ஏ என்று சின்ன எழுத்தில் தட்டி, ஃபாண்டை மாற்றியிருக்கிறான். திரையில் தமிழ் எழுத்தைக் கண்டதும் அம்மா வந்துவிட்டாள் என்று நம்பிவிட்டான். அந்த அம்மா இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவனிடம் எப்படிச் சொல்வது என்று கொஞ்ச நேரம் எனக்கு வாய் எழவில்லை. பிறகு சொன்னேன்.

மொரீஷியஸின் ரோஸ் ஹில் ஊரில் இருபது வருடமாக அழைப்பிதழ், கோவில் நோட்டீஸ், பேனர் என்று தமிழை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். இதே தவறை அட்டையில் பார்த்திருக்கிறேன், டீ-ஷர்ட்டில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை கருங்கல்லில் செதுக்கியும் பார்த்தேன். தோலில் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: ஃபாண்ட் மொழிபெயர்க்காது. ஆங்கில எழுத்தில் தட்டிய பெயரைத் தமிழாக மாற்றவும் மாற்றாது. ஃபாண்ட் என்பது உருவம் மட்டும்தான். கணினியில் தமிழுக்கென்று தனி இடம் புழக்கத்துக்கு வராத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை உட்கார வைத்துச் செய்தவை பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள். அதில் சின்ன ‘ஏ’ இருக்கும் இடத்தில் ‘ய’ இருக்கிறது. சின்ன ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ இருக்கிறது. ஒலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பழைய தமிழ்த் தட்டச்சு மெஷினின் விசை வரிசை அது. அந்த வரிசை தெரிந்தவர் தட்டினால் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்றுதான் தட்டுவார். தெரியாமல் பெயரை அப்படியே தட்டினால் யஅஅய.

சிலர் கேட்பார்கள், “என் போனில் ஆங்கிலத்தில் தட்டினால் சரியாக அம்மா என்று வருகிறதே?” வரும். அது விசைப்பலகை செய்கிற வேலை. ஒலியைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி இடம் ஒதுக்கிய யூனிகோடு முறையிலிருந்து தமிழ் எழுத்தை எடுத்துத் தருகிறது. ஃபாண்டுக்கு அந்த அறிவு இல்லை. விசைப்பலகை வேறு, ஃபாண்ட் வேறு. இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால் அந்தப் பையன் கை தப்பியிருக்கும். 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்குச் சொந்த இடம் கிடைத்துவிட்டது. இன்னும் ஏன் இரவல் இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்?

அடுத்தது காவடி பேனர். தைப்பூசம் நெருங்கினால் வீதிக்கு வீதி கட்டுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒன்றில் ‘வேல் வேல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் கொம்பு ‘வ’வை விட்டுவிட்டு ‘ல’வுக்கு முன்னால் போய் நின்றது. படித்தால் ‘வலே வலே’. இது யூனிகோடில் எழுதியதுதான், எழுத்துப்பிழையும் இல்லை. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கத் தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டியதால் வந்த வினை. அடோபி மென்பொருள் வைத்திருக்கிறவர்கள் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

1998-ல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளி அச்சடித்தபோது நம் மக்கள் விட்டார்களா? நோட்டையே திரும்பப் பெற வைத்தார்கள். நோட்டில் தமிழ் எந்த வரியில் வர வேண்டும் என்று அப்படிப் போராடிய ஊரில், முருகன் தலைக்குமேல் வேல் உடைந்து தொங்குகிறது. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அச்சுக்கு முன்னால் காட்டவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

“அழகான ஃபாண்டாகப் போடுங்கள்” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ‘கண்ணன்’ என்று அடித்துக் காட்டுவேன். ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு. பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது அந்தச் சுழிகளுக்குள் வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் நல்ல ஃபாண்ட். மெல்லிய ஃபாண்டை எடுத்து மென்பொருளில் ‘போல்ட்’ அழுத்தினால் சுழி அடைத்துக்கொள்ளும், ண-வும் ன-வும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். தடிப்பு வேண்டுமென்றால் தடிப்பாகவே வரைந்த ஃபாண்டை எடுங்கள். முக்த மலரில் ஏழு தடிப்பு இருக்கிறது, கட்டமரனில் ஒன்பது. ஒவ்வொன்றிலும் சுழியைத் திறந்தே வைத்து வரைந்திருக்கிறார்கள். இரண்டிலும் லத்தீன் எழுத்தும் சேர்ந்தே வருவதால் பிரெஞ்சும் தமிழும் ஒரே அட்டையில் போடுகிற நமக்கு அவை பெரிய உதவி. இரண்டும் இலவசம்.

அதற்கடுத்துப் புள்ளியைப் பார்ப்பேன். எழுத்துக்குமேல் கொஞ்சம் இடைவெளி விட்டு முழுசாக நிற்க வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள்; படிக்கிறவர் தாமே போட்டுப் படித்தார். நம் பிள்ளைகளுக்கு அப்படிப் படிக்க வராது. புள்ளி மங்கினால் சொல் போய்விடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கி, ஆப்பிள் கணினிகளோடு வந்த இணைமதி எனக்குப் பிடித்ததற்கு அதன் தெளிவுதான் காரணம். நெடிய பத்திகளுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போடுவேன்.

எரிச்சலூட்டுவதும் ஒன்று இருக்கிறது. கோவில் நோட்டீசில் ஆங்கிலப் பெயரை மேலே கோடு இழுத்த ‘இந்திய பாணி’ எழுத்தில் போடுகிறார்கள். அந்தத் தலைக்கோடு இந்தி எழுதும் நாகரி எழுத்தினுடையது. தமிழுக்குத் தலைக்கோடே கிடையாது. மாரியம்மன் கோவில் நோட்டீசுக்கு அது எதற்கு?

வேலை கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள். எழுத்துகளுக்கு இடையில் இடைவெளியை இழுத்துக் கூட்டாதீர்கள். துணைக்கால் பிரிந்து போய் ‘ர’ மாதிரி நிற்கும். பிரெஞ்சு வரிக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கு வைக்காதீர்கள். மேல் வரியின் ‘ழு’ கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது எழுத்தை வெறும் கோட்டு உருவமாக (‘கர்வ்’) மாற்றி பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். அங்கே உங்கள் ஃபாண்ட் இருக்காது.

பச்சையோ கல்லோ என்றால், ஊசியும் உளியும் தொடுவதற்கு முன் தமிழ் டீச்சரிடம் காட்டுங்கள், கோவில் குருக்களிடம் காட்டுங்கள், வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டியிடம் காட்டுங்கள். கணினியில் பார்க்காதீர்கள், காகிதத்தில் எடுத்துக் காட்டுங்கள். அவர் வாய்விட்டுப் படிக்கட்டும்.

அந்தப் பையனுக்கு முக்த மலரில் ‘அம்மா’ என்று அடித்துக் கொடுத்தேன். புண் ஆறட்டும், மற்றக் கையில் குத்திக்கொள்கிறேன் என்றான். காகிதத்தை மடிக்காமல் ஒரு புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனான். நீங்களும் கொண்டுவாருங்கள். படித்துப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வரை கடை திறந்திருக்கும்.