பிகோனியா இலையைத் திருப்பிப் பாருங்கள்

ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு அம்மா நர்சரிக்கு வந்து, "தம்பி, இதை நீயே வச்சுக்கோ, செடிக்கு வயசாயிடுச்சு" என்று ஒரு தொட்டியை இறக்கி வைத்தார். பார்த்தால் தர்ஸ்டோனி பிகோனியா, இலை அழகுக்காகவே வளர்க்கிற தொட்டிச் செடி. அடியில் ஒரு இலைகூட இல்லை, நாலு தண்டும் குச்சி குச்சியாக இடுப்பளவு நீண்டு, நுனியில் மட்டும் கொத்தாகத் தழை. வயசான செடி இல்லை அது, கவாத்தே பார்க்காத செடி, அதாவது கிளையை வெட்டிவிடாமலே வளர்த்த செடி. இதே காரணத்துக்காக இதைக் குப்பையில் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெட்டாலிகா, சாங்குனியா என்ற இரண்டு பிரேசில் பிகோனியாக்களைச் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம். கலப்பினம் என்பதால் விதை போட்டால் அதே செடி வராது. போத்து, அதாவது தண்டுத் துண்டு, வெட்டி நட்டு, அதிலிருந்து இன்னொரு போத்து வெட்டி, இப்படியே கைமாறித்தான் இவ்வளவு காலம் வந்திருக்கிறது. உங்கள் வீட்டுத் தொட்டியில் நிற்பதும் அந்த முதல் செடியின் ஒரு துண்டுதான்.

அழகு என்றால் முதலில் இலை. மேல்பக்கம் கரும்பச்சையில் வெண்கலம் கலந்த மாதிரி ஒரு பளபளப்பு, நரம்புகள் உள்ளே அமுங்கி, அவற்றுக்கு நடுவே இலை லேசாகப் புடைத்திருக்கும். காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க ரத்தச் சிவப்பு. சாங்குனியா என்ற பெயருக்கே ரத்த நிறம் என்றுதான் பொருள், அந்தச் சிவப்பு அங்கிருந்து வந்தது, பளபளப்பு மெட்டாலிகா கொடுத்தது. அதனால் இதைத் தரையில் வைக்காதீர்கள். கண்மட்டத்துக்கு ஒரு திண்ணையிலோ ஸ்டாண்டிலோ, காலை வெயில் பக்கவாட்டில் விழுகிற இடத்தில் வையுங்கள், இலையின் அடிப்பக்கம் விளக்கு வைத்த மாதிரி தெரியும். பூவும் சும்மா இல்லை, மொட்டு அடர் ரோஸ், விரிந்தால் வெளிர் ரோஸ். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியாக வரும். இதழுக்குப் பின்னால் இறக்கை வைத்த மாதிரி ஒரு சின்னக் காய் இருந்தால் அது பெண் பூ.

சரி, செடி ஏன் குச்சியாகிறது? வெளிச்சம் போதாமல் மூலையில் வைப்பது ஒன்று, வெட்ட மனசு வராதது இன்னொன்று. இது புதர் ஜாதி, அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும், ஆனால் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்தான் பக்கக் கிளை வரும். ரொம்ப நீண்டுவிட்டால் பயப்படாமல் அடியில் ரெண்டு மூணு கணு விட்டு வெட்டுங்கள், எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வேண்டாம், பாதியை வெட்டி, அது துளிர்த்த பிறகு மீதியை வெட்டலாம்.

ஆனால் என் அனுபவத்தில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால். தினமும் ஊற்றுகிறார்கள், வேர் அழுகிவிடுகிறது, இலை தொங்கியதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மட்கிய இலையும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த லேசான மண் போதும், வெறும் செம்மண் இறுகிவிடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் மாவு தூவின மாதிரி சாம்பல் நோய் வரும், தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். அப்புறம் ஒன்று, வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், பிகோனியாவைக் கடித்தால் அவற்றின் வாய் எரியும், வாந்தி வரும்.

அந்த அம்மாவின் செடியை வெட்டியதில் ஒன்பது போத்து கிடைத்தது, ஏழு வேர் பிடித்துவிட்டது. தாய்ச்செடியிலும் அடிக்கணுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பாகக் கொழுந்து வந்திருக்கிறது. போன் பண்ணிச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார்.