கவுன்சிலரிடம் சொன்னால் மட்டும் போதாது, புகார் எண்ணும் வேண்டும்

போன வாரம் சென்னை மாநகராட்சியில் எங்கள் மண்டலக் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கவுன்சிலராக இருக்கும் வார்டில் ஒரு தெருவில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் அடியில் கசடு தங்குகிறது, கிட்டே போனாலே சாக்கடை வாடை, இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. டீக்கடையில் இதே பேச்சு, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் பாட்டிலில் பிடித்த தண்ணீரின் போட்டோ, அதெல்லாம் என் போனுக்கும் வந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். அதிகாரி தன் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார். "அந்தத் தெருவிலிருந்து ஒரு புகாரும் பதிவாகலையே மேடம்" என்றார். பக்கத்துத் தெருவில் ஒருவர் பதிவு செய்திருக்கிறார், அங்கே மறுநாளே ஆள் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அதையும் தேதியோடு வாசித்தார்.

சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போய் ஏன் யாருமே பதிவு செய்யவில்லை என்று கேட்டால், எல்லா வாசலிலும் ஒரே பதில்: "உங்ககிட்டதான் சொல்லிட்டோமே அக்கா, அப்புறம் எதுக்குப் புகாரு?"

இந்த ஒரு நினைப்பு என் வார்டில் மட்டும் இல்லை, நான் பேசிய மற்ற கவுன்சிலர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கவுன்சிலருக்குக் கீழே எந்த ஊழியரும் வேலை செய்வதில்லை. வார்டு உதவிப் பொறியாளரோ துப்புரவு ஆய்வாளரோ எனக்குக் கீழே இல்லை, அவர்கள் மேலதிகாரிகள் வழியாக ஆணையருக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆணையர்தான் நிர்வாகத் தலைவர். என்னிடம் இருப்பது கேட்கும் உரிமை. மண்டலக் கூட்டத்தில் கேட்கலாம், மாதந்தோறும் ரிப்பன் மாளிகையில் எல்லாக் கவுன்சிலர்களும் கூடும் மாமன்றத்தில் கேட்கலாம், நிலைக்குழுவில் இருந்தால் அங்கேயும் கேட்கலாம். கேட்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். "மக்கள் ரொம்பக் கஷ்டப்படுறாங்க" என்று நான் சொன்னால் "பார்க்கிறோம்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. அதே இடத்தில், இந்தத் தேதியில் இந்த எண், அடுத்த வாரம் இந்த எண், இரண்டும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கிறது, ஆனால் இன்று காலை எடுத்த போட்டோ இது என்று நான் வைத்தால், அதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். மாமன்றத்தில் 200 பேர் இருக்கிறோம், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அந்தச் சில நிமிடத்தில் தெருவின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பதிவாகாத பிரச்சினை கணக்கிலேயே வராது. எந்தத் தெருவில் குழாய் மாற்ற வேண்டும், எங்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது மேசையில் இருப்பது புகார்களின் பட்டியல்தான். உங்கள் தெரு அதில் இல்லை என்றால் உங்கள் தெருவில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தமாகும். அதனால் என்னிடம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவே இல்லை, ஆனால் பதிவு செய்துவிட்டு எண்ணோடு சொல்லுங்கள். ஒரு தெருவுக்கு ஒருவர் செய்தால் போதும் என்றும் இருக்காதீர்கள், ஒவ்வொரு வீடும் செய்ய வேண்டும். 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்து, போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கிறதா, அன்றைக்கே மறுபடியும் பதிவு செய்யுங்கள், பழைய குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். அந்தக் குறுஞ்செய்திதான் எனக்கு ஆதாரம்.

எங்கே பதிவு செய்வது? குப்பை, தெருவிளக்கு, கொசு, மழைநீர் வடிகால், மாநகராட்சிச் சாலை என்றால் மாநகராட்சியின் 1913. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், அது 1978-இலிருந்து தனி அமைப்பு, 1916 அல்லது 044-45674567. அவர்களுடைய பகுதி அலுவலகத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலையில் குறைகேட்புக் கூட்டம் நடக்கிறது, நேரில் போய் உட்காருங்கள். மின்சாரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. பட்டாவும் முதியோர் ஓய்வூதியமும் வட்டாட்சியர் அலுவலகம், ரேஷன் அட்டை உணவுப் பொருள் வழங்கல் துறை. இதற்கெல்லாம் என் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுப்போம், தேவைப்பட்டால் கூடவும் வருவோம், ஆனால் முடிவு செய்வது அங்கேதான்.

இதில் கழிவுநீரையும் மழைநீரையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். தெரு நடுவில் வட்ட மூடி போட்டிருப்பது கழிவுநீர்க் குழாய், ஓரமாகக் கான்கிரீட் பலகை போட்டு நீளமாகப் போவது மழைநீர் வடிகால். முதலாவது வாரியம், இரண்டாவது மாநகராட்சி. வீட்டுக் கழிவுநீரை ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டு, "அக்கா, கொசு தாங்கலை" என்று என்னிடமே வந்து நிற்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வடிகால் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் போகிறது, மழைக்காலத்தில் திரும்பி உங்கள் தெருவுக்குள்தான் ஏறும்.

மக்களுக்கு இதெல்லாம் பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணமும் இருக்கிறது. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் இந்த நகரத்துக்குக் கவுன்சிலரே இல்லை, அதிகாரிகள் மட்டுமே நடத்தினார்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத வருஷங்கள் அவை. அதனால் மக்கள் மேல் எனக்கு முழுக் கோபமும் இல்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "உங்க நிதியில போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறீர்கள். வார்டு மேம்பாட்டு நிதி 2025-26-க்கு 60 லட்சம் என்று அறிவித்தார்கள், உண்மைதான். அது என் கைக்கு வருவதில்லை. நான் பணியைப் பரிந்துரைக்கிறேன், பொறியாளர் மதிப்பீடு போடுகிறார், ஒப்புதல், டெண்டர், வேலை, பில் என்று அது தன் வழியில் போகும். ஒரு வார்டின் தெருக்களையும் பள்ளிக்கூடத்தையும் பூங்காவையும் வைத்துப் பார்த்தால் அது பெரிய தொகையும் இல்லை. கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய், அதுவும் 2023-இல்தான் வந்தது. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை, என்னிடம் கணக்குக் கேட்கும்போது சரியான கணக்கைக் கேளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் சாலை. "மேடம், ரோடு போட்டுட்டாங்க, எங்க வாசல் பள்ளமாயிடுச்சு" என்று போட்டு முடித்த மறுநாள் போன் செய்வதில் என்ன பலன்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறார். என் வார்டில் ஒரு பழைய வீட்டில் நான்கு படி ஏறிப் போன திண்ணை இன்று தெருவை விட ஒரு முழம் கீழே கிடக்கிறது, மழை வந்தால் அந்தப் பாட்டி கட்டிலின் மேல் செங்கல் வைத்து அரிசி டின்னை ஏற்றி வைக்கிறார். இது ஒரே நாளில் நடந்ததில்லை, சுரண்டாமல் மேலே மேலே போட்ட ஒவ்வொரு சாலையும் ஒரு படியை விழுங்கியிருக்கிறது. வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும். சுரண்டும் இயந்திரம் வராமல் தார் லாரி மட்டும் வந்து நின்றால் அந்த நிமிஷமே எனக்கு போன் செய்யுங்கள், தூக்கத்தைக் கெடுத்தாலும் பரவாயில்லை. வாசல் படியின் போட்டோவை வேலைக்கு முன்னால் எடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரரின் பில் போவதற்கு முன்னால் ஆட்சேபித்தால் கேட்க வைக்க முடியும். பில் போன பிறகு மாமன்றத்தில் பேசலாம், உங்கள் வாசல் மட்டும் மேலே வராது.

இன்னொன்று, இதைச் சொல்ல எனக்கு மனக்கசப்பாகத்தான் இருக்கிறது. சென்னையில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கியவை. அப்படி இருந்தும் மனுவை என் வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார்கள், நான் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்போது. பெண் கவுன்சிலர் என்றால் பின்னால் ஓர் ஆண் இருந்து நடத்துவார் என்று நீங்களே தீர்மானித்துக்கொண்டால், அப்படி நடத்த ஆசைப்படும் ஆண்களுக்கு நீங்கள்தான் வழி விடுகிறீர்கள். ஓட்டு வாங்கியவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லவில்லை என்றால் அவரை விடாதீர்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு: என் பெயரையோ எந்தக் கவுன்சிலரின் பெயரையோ சொல்லி, மணல் கொட்டுவதற்கும் போர்வெல் போடுவதற்கும் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ரசீது இருக்கும். ரசீது இல்லாமல் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் எண் 1064. "கொடுத்துத் தொலைச்சிட்டோம்" என்று ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்து வருத்தப்படுவதில் யாருக்கும் பயனில்லை.

கடைசியாகப் பகுதி சபா. 2022-இல் வந்த விதிகளின்படி சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசுவதற்கு ஏற்படுத்திய சபை இது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்ட வேண்டும். கிராமசபை பற்றித் தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியவில்லை. வருகிறவர்களும் திரும்பத் திரும்ப அதே முகங்கள், அதே குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கும் பெண்கள் வருவதில்லை, கேட்டால் "அது கட்சிக் கூட்டம்னு நெனச்சோம்" என்கிறார்கள். கட்சிக் கூட்டம் இல்லை அம்மா. நீங்கள் எனக்கு ஓட்டுப் போட்டீர்களா இல்லையா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், அந்தப் பகுதியில் உங்களுக்கு ஓட்டு இருந்தால் போதும். வேலைக்குப் போகிற நேரமாக இருந்தால் முன்னாலேயே சொல்லுங்கள், நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். வந்தால் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நீங்கள் சொன்னது தீர்மானமாக எழுதப்பட்டதா, உங்கள் தெருவின் பெயர் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், இல்லை என்றால் அங்கேயே நின்று எழுத வையுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.